பார்த்ததைச் சொல்ல விமானி ஏன் தயங்குகிறார்?

ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் வாசகர்களுக்கு அளிக்கும் பதில்கள்

சென்ற இதழில் இரவுப் பயணங்களைப் பற்றி எழுதும்போது, "வானத்தில் விளங்காத வெளிச்சத்தை ஒருமுறையாவது பார்க்காத விமானி அபூர்வம், அதை எழுதிக் கொடுத்தவர் அதைவிட அபூர்வம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

*கேள்வி: விமானிகள் பறக்கும் தட்டைப் பார்த்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? என்ன பயம்? (வங்கி ஊழியர் ஒருவர்)*

உண்மைதான். நான் பழகிய விமானிகளில், இரவு நேரம் அதிகம் பறந்தவர்கள் யாரிடம் தனியாகப் பேசினாலும் "ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..." என்று தொடங்கும் கதை ஒன்று இருக்கும். அதே ஆளிடம் "எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

முதல் காரணம் மெடிக்கல். பயணிகள் விமானம் ஓட்டுகிறவருக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வயதைப் பொறுத்து 6 மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள், மனநலம் பற்றியும் கேட்பார்கள். அந்தக் காகிதம் செல்லாது என்றால் அன்றோடு வேலை இல்லை. அமெரிக்காவில் 3,765 விமானிகளிடம் கேட்டு 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள், சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்து ஏதாவது ஒரு கட்டத்தில் டாக்டரிடம் போவதைத் தவிர்த்ததாகவோ விஷயத்தை மறைத்ததாகவோ ஒப்புக்கொண்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்பதையே சொல்லப் பயப்படுகிறவர், "வானத்தில் எனக்கு விளங்காத ஒன்றைக் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா?

இரண்டாவது, சீனியாரிட்டி. இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில் சம்பளம், ஓட்டும் விமானம், ரூட், லீவு, கேப்டன் பதவி எல்லாமே நீங்கள் அங்கே சேர்ந்த தேதியை வைத்து வரும் வரிசை எண்ணைப் பொறுத்தவை. வேறு நிறுவனத்துக்குப் போனால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மற்ற உத்தியோகங்களில் ஓர் இடத்தில் பெயர் கெட்டால் இன்னோர் இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வழி அடைபட்டது. இருபது வருஷம் ஒரே ஆட்களோடு ஒரே காக்பிட்டில் உட்கார வேண்டிய வேலை இது. ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும்.

மூன்றாவது, விசாரணையின் போக்கு. ரிப்போர்ட் எழுதினால் கேள்விகள் அந்தப் பொருளைப் பற்றி வராது, உங்களைப் பற்றித்தான் வரும். முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? கேட்கிறவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர் படிவத்தில் அந்தக் கட்டங்கள்தான் இருக்கின்றன.

இத்தனையும் ஒரு பக்கம். மறு பக்கம், சொன்னால் கிடைப்பது என்ன? ஒன்றும் இல்லை. காக்பிட் பேச்சுப் பதிவுக் கருவிகளில் பெரும்பாலானவை கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும், பழையது தானாக அழிந்துகொண்டே போகும். நீண்ட பயணத்தின் நடுவில் பார்த்தது தரையிறங்கும்போது அந்தப் பதிவிலேயே இருக்காது. கையில் ஆதாரம் இல்லாமல் யார் முன்னால் போய் நிற்பது?

*கேள்வி: அரசாங்கம்தான் விமானிகளின் வாயைக் கட்டிவைத்திருக்கிறது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். (கல்லூரி மாணவர்)*

உங்கள் நண்பர் சொல்வதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. 1950-களில் அமெரிக்க ராணுவம் 'ஜேனாப் 146' என்ற பெயரில் ஒரு விதித்தொகுப்பு வைத்திருந்தது. பனிப்போர் காலம் அது. எதிரி விமானம், ஏவுகணை, நீர்மூழ்கி என்று எது கண்ணில் பட்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களும் இருந்தன. அப்படிக் கொடுத்த தகவலை அனுமதி இல்லாமல் வெளியே விட்டால் உளவுச் சட்டம் பாயும் என்றும் அதில் இருந்தது. பயணிகள் விமானம் ஓட்டியவர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தார்கள்.

1953 ஜனவரியில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு என்ற விஞ்ஞானிகள் குழு வேறொரு வேலை செய்தது. பறக்கும் தட்டுப் புகார்கள் குவிந்தால் உண்மையான தாக்குதல் பற்றிய தகவல் அந்தக் குவியலில் அமுங்கிவிடும் என்று அந்த விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். எனவே இந்த விஷயத்தில் மக்களுக்கு இருக்கும் ஈர்ப்பைப் பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா மூலம் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அந்த வருஷங்களில் அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் ஜேனாப் 146 எப்போதோ வழக்கொழிந்துபோனது, கேலி மட்டும் ஒழியவில்லை. இன்று விமானியின் வாயை அடைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் சிரிப்பே போதும்.

ரகசியம் எப்படி ஆளைக் கொல்லும் என்பதற்கு போர் விமானி கேப்டன் தாமஸ் மான்டெல் சாட்சி. 1948 ஜனவரி 7, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். வானத்தில் ஏதோ பெரிதாகப் பளபளக்கிறது என்று தரையிலிருந்து தகவல் வர, தன் மஸ்டாங் விமானத்தில் அதைத் துரத்திக்கொண்டு ஏறினார். ஆக்ஸிஜன் இல்லாமல் 20,000 அடியைத் தாண்டினார். நினைவு தப்பியிருக்க வேண்டும், விமானம் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 25. அவர் துரத்தியது பெரும்பாலும் அமெரிக்கக் கடற்படை மிக உயரத்தில் பறக்கவிட்ட 'ஸ்கைஹுக்' ஆய்வு பலூனாக இருக்கும் என்பதுதான் பின்னால் ஏற்கப்பட்ட விளக்கம். அந்தத் திட்டம் அப்போது ரகசியம். மேலே போகச் சொன்னவர்களுக்கும் தெரியாது, போனவருக்கும் தெரியாது.

*கேள்வி: வெளிப்படையாகச் சொல்லி வேலையை இழந்த விமானி யாராவது உண்டா? (இல்லத்தரசி)*

வேலையை இழந்தார் என்பதைவிட, வானத்தை இழந்தார் என்று சொல்லலாம். கேப்டன் கென்ஜு தெராவுச்சி. ஜப்பான் ஏர்லைன்ஸின் 1628-ஆம் எண் சரக்கு விமானம், போயிங் 747. 1986 நவம்பர் 17. பாரிஸிலிருந்து கிளம்பி ஐஸ்லாந்து, அலாஸ்கா வழியாக டோக்கியோ போக வேண்டும். உள்ளே பிரெஞ்சு ஒயின். மூன்று பேர் காக்பிட்டில்.

அலாஸ்கா மேலே, சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும் நேரம், 35,000 அடி உயரம். இடது பக்கம் வரிசையாக வெளிச்சங்கள். அப்புறம் அவை முன்னால் வந்து நின்றன, காக்பிட்டே வெளிச்சமானது என்றார் தெராவுச்சி. பிறகு, விமானம் தாங்கிக் கப்பலைவிடப் பெரிதாக ஒன்று பின்னால் தொடர்ந்தது என்றும் சொன்னார். ஆங்கரேஜ் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்டார். அவர்கள் உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், முழு வட்டம் சுற்றச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போன யுனைடெட் விமானத்தையும் பார்க்கச் சொன்னார்கள். யுனைடெட் விமானிக்கு ஜப்பான் விமானம் மட்டும்தான் தெரிந்தது.

தரையிறங்கியதும் அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ அதிகாரிகள் மூவரையும் விசாரித்தார்கள். மூவரும் நிதானமாக, தெளிவாக இருந்தார்கள் என்றுதான் பதிவாயிற்று. டிசம்பர் கடைசியில் விஷயம் பத்திரிகைக்கு வந்தது, உலகமே பேசியது. 1987 மார்ச்சில் எஃப்ஏஏ, தரை ரேடாரில் கூடவே தெரிந்த இன்னொரு புள்ளி அந்த விமானத்தின் எதிரொலியே இரண்டாகப் பிரிந்து விழுந்ததுதான், சம்பவத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. நடுவில் ஜனவரியில் அதே தெராவுச்சி மறுபடியும் அலாஸ்கா மேலே வெளிச்சம் பார்த்துச் சொன்னார். அது ஊர் விளக்குகள் பனித்துகள்களில் பட்டுத் தெரிந்தது என்று விளக்கம் வந்தது. 'இவருக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான்' என்ற பேச்சு சேர்ந்துகொண்டது. பத்திரிகையிடம் பேசினதற்காக நிறுவனம் அவரைத் தரைப் பணிக்கு அனுப்பியது. பல வருஷம் கழித்துத்தான் மறுபடி ஓட்ட விட்டார்கள்.

அவர் பார்த்தது வியாழன் கிரகம் என்று வாதிட்டவர்கள் உண்டு. இருக்கட்டும். என் ஆதங்கம் வேறு. அனுபவமுள்ள கேப்டன் ஒருவர், செய்ய வேண்டியதைச் செய்தார்: பார்த்ததைச் சொன்னார், கட்டுப்பாட்டாளர் சொன்னபடி விமானத்தை ஓட்டினார், பத்திரமாக இறக்கினார். அவருக்கு ஏற்பட்டதை உலகத்தில் இருந்த ஒவ்வொரு விமானியும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் தெராவுச்சி பெயரைச் சொல்லித்தான் எச்சரித்தார்கள்: "தம்பி, ரேடியோவில் பேசும் முன்னால் இரண்டு முறை யோசி."

*கேள்வி: கேப்டன் சார், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மழுப்பாமல் சொல்லுங்கள். (ஆசிரியை)*

பார்த்திருக்கிறேன், அம்மா.

அப்போது நான் கோ-பைலட். பெருங்கடல் மேலே நடு ராத்திரி. நிலா இல்லை. விமானத்தின் மூக்குக்குச் சற்று வலப்புறம், எங்களைவிடக் கொஞ்சம் உயரத்தில், மங்கின ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம். முதலில் எதிரே வரும் விமானம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிவப்பு, பச்சை இறக்கை விளக்குகள் இல்லை, மினுக்கும் விளக்கும் இல்லை. பக்கத்து விமானங்களைக் காட்டும் டிகேஸ் திரை காலியாக இருந்தது. காக்பிட் விளக்குகளைக் குறைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் விழும் பிம்பமாக இருக்குமோ என்று தலையை நகர்த்திப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. சில நிமிடம் கழித்து இரண்டாகப் பிரிந்தது. கீழ்த் துண்டு முதலில் அணைந்தது, அப்புறம் மேலது.

கடல் நடுவில் ரேடார் கிடையாது. விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 123.45 என்று ஓர் அலைவரிசை உண்டு. அதில் "வடமேற்கே ஆரஞ்சு வெளிச்சம் யாருக்காவது தெரிகிறதா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு குரல், "எங்களுக்கும் தெரிந்தது" என்றது. அவ்வளவுதான். எந்த விமானம், எந்த நிறுவனம் என்று எதுவும் சொல்லவில்லை. ரேடியோவில் முதலில் அழைப்புப்பெயர், அப்புறம்தான் பேச்சு என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அந்த மனிதர் அதை வேண்டுமென்றேதான் விட்டார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். ஒரு என்ஜின் நின்றபோதும் பதறாமல் விமானத்தை இறக்கியவர் அவர், கோழை அல்ல. "எழுதப் போகிறாயா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். உனக்கு முழு சர்வீஸும் பாக்கி இருக்கு. யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எரிபொருள் கணக்கைக் குறிக்கத் தொடங்கினார். அந்தப் பயணத்தின் குறிப்பில் காற்று, வெப்பநிலை, எரிபொருள் எல்லாம் இருக்கிறது. அந்த வெளிச்சம் இல்லை. ராக்கெட்டின் மேல் பாகம் எரிந்து விழுந்திருக்கலாம். நேரமும் திசையும் எழுதி வைத்திருந்தால் யாராவது அன்றைய ஏவுதல்களோடு ஒப்பிட்டு அப்போதே சொல்லியிருப்பார்கள்.

*கேள்வி: விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கூடவே பறந்துவந்த வட்டமான வெளிச்சத்தைப் பார்த்தேன். (பயணி ஒருவர்)*

கூடவே வந்தது என்றால் முக்கால்வாசி அது உள்ளே எரியும் விளக்கின் பிம்பம். ஜன்னலில் பல அடுக்குகள் உண்டு. உள்ளிருந்து ஜன்னலில் விழும் வெளிச்சத்தைக் கையால் தடுத்துப் பாருங்கள், அது மறைந்துவிட்டால் உள்விளக்கு.

*கேள்வி: கடைசியில் எல்லாம் வெள்ளி கிரகமும் பலூனும்தானே? விமானிகளும் மனிதர்கள்தானே சார்? (ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்)*

பெரும்பகுதி அப்படித்தான் ஐயா, முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியவர்கள் சொன்னது எங்கள் தொழிலுக்கு அப்படியே பொருந்தும். இருட்டில் அசையாத ஒற்றை விளக்கைச் சில விநாடி உற்றுப் பார்த்தால் அது நகர்வது போலத் தெரியும். இதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். 2011 ஜனவரியில் டொரான்டோவிலிருந்து சூரிக் போன ஏர் கனடா விமானத்தில், ஓய்விலிருந்து அப்போதுதான் விழித்த துணை விமானி வெள்ளி கிரகத்தை எதிரே வரும் விமானம் என்று நினைத்தார். அது இல்லை என்று தெளிவதற்குள், 1,000 அடி கீழே பாதுகாப்பாக வந்துகொண்டிருந்த நிஜ விமானம் மேலிருந்து தங்கள்மீது இறங்குவதாக அவருக்குத் தோன்றியது. மூக்கைக் கீழே தள்ளினார். பெல்ட் போடாமல் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டு 16 பேருக்குக் காயம்.

விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2023-ல் நாசா கூட்டத்தில் சொன்ன கதையும் உண்டு. வர்ஜீனியா கடலோரம் போர் விமானத்தில் பறந்தபோது, பின்னிருக்கை அதிகாரி பறக்கும் தட்டைத் தாண்டி வந்துவிட்டோம் என்று உறுதியாகச் சொன்னார். திரும்பிப் போய்ப் பார்த்தால் கார்ட்டூன் பாத்திரம் வடிவிலான பலூன்.

இப்போது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சேர்ந்துகொண்டன. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் திசையில், ஒன்று பளிச்சென்று ஒளிர்ந்து மங்கும், பின்னாலேயே அடுத்தது, அதே இடத்தில். ஒரே பொருள் வட்டமடிப்பது போலவே தெரியும். 2022-லிருந்து நிறைய விமானிகள் இதைக் கண்டு குழம்பினார்கள். சிலர் வாயைத் திறந்து சொன்னதால்தான் விளக்கம் கிடைத்தது, இன்று புதிதாகச் சேரும் விமானிக்கு முன்கூட்டியே சொல்லித்தர முடிகிறது.

பேராசிரியர் ஐயா, இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். பலூன் என்றால் அலட்சியப்படுத்திவிடலாமா? விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பலூனில் தொங்கும் கருவிப்பெட்டி காக்பிட் கண்ணாடியில் மோதினால்? 2018 பிப்ரவரியில் அரிசோனா மேலே லியர்ஜெட் என்ற சிறிய ஜெட் விமானம் ஒன்றும், சில நிமிடம் கழித்து ஓர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானமும், தலைக்கு மேலே ஏதோ கடந்துபோனதாகச் சொன்னார்கள். இன்டர்நெட் வசதிக்காக கூகுள் பறக்கவிட்ட பலூன்களை நினைத்து, "கூகுள் பலூனா?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். அப்படித் தோன்றவில்லை என்று பதில் வந்தது. 2021 பிப்ரவரியில் நியூ மெக்சிகோ மேலே இன்னோர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி, நீளமான உருளை போன்ற ஒன்று மிக வேகமாகத் தங்கள் மேலே போனதாக ரேடியோவில் சொன்னார். கட்டுப்பாட்டாளர்களின் ரேடாரில் ஒன்றும் இல்லை என்றது எஃப்ஏஏ. அது எதுவாகவும் இருக்கட்டும், பின்னால் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள் உட்கார்ந்திருக்கும் விமானத்தின் மேலே அது போயிருக்கிறது.

*கேள்வி: ராணுவ விமானிகளுக்கும் இதே பயமா? அவர்கள் கையில் கேமரா, ரேடார் எல்லாம் இருக்குமே. (முன்னாள் ராணுவ வீரர்)*

இருந்தும் அதே நிலைமைதான். 2004 நவம்பரில் கலிஃபோர்னியா கடலோரம் அமெரிக்கக் கடற்படை விமானி கமாண்டர் டேவிட் ஃப்ரேவர் பார்த்த வெள்ளை நிற நீள்வட்டப் பொருளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நிமிட்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது கிண்டல்தான், கப்பலின் உள் தொலைக்காட்சியில் வேற்றுகிரகவாசிப் படங்களாகப் போட்டார்கள். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதும்வரை பதின்மூன்று வருஷம் வெளியுலகில் பெரிய பேச்சில்லை.

இன்னொரு கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ் விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2014 வாக்கில் வர்ஜீனியா கடலோரம் அவருடைய படைப்பிரிவு விமானங்களுக்குப் புது ரேடார் பொருத்தினார்கள். பயிற்சி நடக்கும் வான்பகுதியில் அதுவரை தெரியாத பொருள்கள் திரையில் தெரிய ஆரம்பித்தன. முதலில் கருவிக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். பிறகு கேமராவிலும் தெரிந்தது, கண்ணிலும் பட்டது. ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் பறந்த இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒன்று புகுந்துபோனது. கண்ணாடி போன்ற கோளம், உள்ளே கருமையான கனசதுரம், முன்னால் போன விமானத்திலிருந்து 50 அடி தூரம். பயிற்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள், பாதுகாப்பு அறிக்கை கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து பதிலே இல்லை என்று கிரேவ்ஸ் 2023 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். விமானிகள் பயமில்லாமல் பேசுவதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கியிருக்கிறார்.

அமெரிக்க உளவுத்துறைத் தலைமையகம் 2021 ஜூனில் விட்ட அறிக்கையில் 144 சம்பவங்கள் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் உறுதியான விளக்கம் கிடைத்தது: காற்றுப்போன பெரிய பலூன். 11 சம்பவங்களில் மோதல் நூலிழையில் தப்பியதாக விமானிகள் சொல்லியிருந்தார்கள். கேலிக்குப் பயந்து பேசாமல் இருப்பது தகவல் சேகரிப்புக்குத் தடை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது.

*கேள்வி: வேற்றுகிரகவாசிகள் வந்தார்களா, இல்லையா? (பத்தாம் வகுப்பு மாணவன்)*

வந்ததற்கு ஆதாரம் இதுவரை இல்லை தம்பி. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அலுவலகமும் அதையே சொன்னது. 'விளக்கம் கிடைக்கவில்லை' என்பதும் 'வேற்றுகிரகம்' என்பதும் ஒன்றில்லை.

*கேள்வி: எல்லா நாட்டிலும் இதே கதைதானா? (பொறியாளர்)*

இல்லை, இதுதான் எனக்கு நம்பிக்கை தருகிற விஷயம். பிரான்ஸில் விண்வெளி நிறுவனமான சிஎன்இஎஸ் 1977-லிருந்தே இதற்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறது. விஞ்ஞானிகள் விசாரிக்கிறார்கள், கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்தும் விட்டார்கள். சிலி நாட்டில் விமானப் போக்குவரத்துத் துறைக்குள்ளேயே 1997-லிருந்து ஒரு குழு. அங்கே விமானி தன் துறையிடமே போய்ச் சொல்கிறார், வேறு எங்கும் அலைய வேண்டாம்.

2007 ஏப்ரல் 23 அன்று கேப்டன் ரே போயர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆல்டர்னி தீவுக்குச் சிறிய விமானம் ஓட்டிப் போனபோது, மஞ்சளாக ஒளிரும் இரண்டு பெரிய பொருள்களைப் பார்த்தார். பயணிகள் சிலரும் பார்த்தார்கள். தரையிறங்கியதும் முறைப்படி எழுதிக் கொடுத்தார், வெளியேயும் பேசினார். யாரும் அவரைத் தரைப் பணிக்கு அனுப்பவில்லை. தெராவுச்சியையும் போயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்த பொருள் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. நடத்தப்பட்ட விதம்தான் வேறு.

அமெரிக்காவில் எஃப்ஏஏ கையேடு நெடுங்காலம் என்ன சொல்லிவந்தது தெரியுமா? இப்படி எதையாவது பார்த்தால் இதற்கென இருக்கும் தனியார் சேகரிப்பு மையங்களிடம் சொல்லுங்கள், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்று பட்டால் உள்ளூர் போலீஸிடம் சொல்லுங்கள் என்று. 35,000 அடியில் பறக்கிறவருக்கு உள்ளூர் போலீஸ் என்ன செய்ய முடியும்? பேசும் விமானிகளைப் பழிவாங்கலிலிருந்து காக்க 2024 ஜனவரியில் அங்கே ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதைப் படித்தபோது, நாங்கள் கோ-பைலட்டாக இருந்த காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

*கேள்வி: என் மகள் விமானி பயிற்சியில் இருக்கிறாள். இப்படி ஏதாவது பார்த்தால் சொல்லட்டுமா, சும்மா இருந்துவிடட்டுமா? அவள் எதிர்காலம் முக்கியம் இல்லையா? (கவலையுள்ள தந்தை)*

உங்கள் கவலை புரிகிறது ஐயா. ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஏன் என்று முதலில் சொல்கிறேன், எப்படி என்று அப்புறம்.

1974 டிசம்பர் 1. அமெரிக்கத் தலைநகரின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் சொன்ன வார்த்தையை விமானிகள் ஒரு விதமாகப் புரிந்துகொண்டு சீக்கிரம் இறங்கிவிட்டார்கள். விசாரணையில் நெஞ்சைப் பிசையும் ஒரு விஷயம் வெளிவந்தது. ஆறு வாரம் முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள், நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது போய்ச் சேர வழியே இல்லை.

அதன் விளைவாக 1976-ல் வந்ததுதான் ஏஎஸ்ஆர்எஸ், அதாவது விமானிகள் பாதுகாப்புக் குறைகளை எழுதி அனுப்பும் ஏற்பாடு. தண்டிக்கும் அதிகாரமே இல்லாத நாசா அதை நடத்துகிறது. விமானி எழுதி அனுப்பியதும் பெயர் உள்ள சீட்டைக் கிழித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், விவரம் மட்டும் அங்கே இருக்கும். ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் அறிக்கைகள் வருகின்றன. தன் தவறைக்கூட விமானி அங்கே பயமில்லாமல் எழுதுகிறார். வானத்தில் விளங்காதவற்றுக்கும் இதே வழியைப் பயன்படுத்துங்கள் என்று 2023 செப்டம்பரில் நாசா நியமித்த ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வேறு பல நாடுகளிலும் பெயர் வெளியிடாத இப்படிப்பட்ட ஏற்பாடுகள் உண்டு. மகள் பறக்கும் நாட்டில் எது இருக்கிறது என்று பயிற்சிக் காலத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

இனி எப்படி என்பது. முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும், அது எதுவாக இருந்தாலும் சரி. அது ஜன்னலில் இடம் மாறவில்லை, அளவும் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால் மோதும் பாதையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலகும் வழியைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் "இது என்ன?" என்று மட்டும் கேட்கட்டும், தன் ஊகத்தைச் சொல்லி அவர் கண்ணைக் கெடுக்க வேண்டாம். கட்டுப்பாட்டாளரிடம் 'பறக்கும் தட்டு' என்ற பேச்சே தேவையில்லை. "இரண்டு மணி திசையில், எங்களைவிட உயரத்தில், அடையாளம் தெரியாத டிராஃபிக். உங்களுக்குத் தெரிகிறதா?" என்றால் போதும். அந்தப் பேச்சு அவர்கள் பக்கத்துப் பதிவில் நேரத்தோடு ஏறிவிடும். காக்பிட் பதிவு அழிந்தாலும் அது இருக்கும்.

பிறகு கை ஓய்ந்த நேரத்தில், தரையிறங்கும்வரை காத்திராமல், ஒரு தாளில் குறிக்கட்டும்: உலக நேரம், இருந்த இடம், உயரம், மூக்கு எந்தத் திசையில், அது அடிவானத்துக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு நேரம் தெரிந்தது, சூரியன் எந்தப் பக்கம் மறைந்திருந்தது, டிகேஸ் திரையில் இருந்ததா. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். தூரத்தையும் வேகத்தையும் எண்ணால் எழுத வேண்டாம், அளவு தெரியாத பொருளின் தூரத்தை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. 'என்னவென்று தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல்.